இரண்டாவது பட்டன்

இந்த ஊரில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'வறட்சி' என்றால்தான் தெரியும். நான் பிளம்பர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போன் செய்கிறவர்கள்கூட, "வறட்சி, கொஞ்சம் வந்துட்டுப் போப்பா" என்கிறார்கள். அதில் இருக்கும் நக்கல் அவர்களுக்கே இப்போது உறைப்பதில்லை. தலை நரைத்த பிறகும் எனக்கு உறைக்கிறது.

அந்தப் பட்டம் வருவதற்கு முன்னால் எனக்கு ஊரில் தனி மவுசு. என் அப்பா ஊர்த் தண்ணீர் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் கையில். பள்ளிக்கூடத்தில் பெரிய பையன்கள்கூட என்னிடம் வாலாட்ட மாட்டார்கள்.

ஏழாம் வகுப்பில் ஆபீசர் வந்து சேர்ந்தான். அவன் அப்பா வங்கி மேனேஜர். இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் ஷூவுமாக வாசலில் நின்றவனுக்கு அந்தப் பெயரை வைத்ததே நான்தான். கிண்டல் செய்யப் போனவன் நகமும் சதையுமாக ஒட்டிக்கொண்டேன். அவன் எனக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பான். நான் அவனுக்கு நீச்சல், மரம் ஏறுவது, கெட்ட வார்த்தை எல்லாம் கற்றுக்கொடுத்தேன். அவன் வீட்டில் பெல்ட் அடிக்கடி இறங்கும். யாருக்கும் காட்டாத முதுகை எனக்கு மட்டும் காட்டுவான். அதைப் பார்த்த பிறகு அவனுக்காக எதையும் செய்யலாம் என்று தோன்றிவிட்டது. எனக்குச் சனி பிடித்தது அங்கேதான்.

சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் பம்ப் ரூமில் கிடப்போம். சுவரோரம் வரிசையாகச் சின்னச் சக்கரங்கள், தெருவுக்கு ஒன்று. நடுவில் ஒரு பெரிய சக்கரம். சின்னதைத் திறக்கவும் மூடவும் அப்பா எங்களை விடுவார். "பெரிசுல மட்டும் கை வைக்கக் கூடாது. மோட்டார் ஓடும்போது அத மூடினா எல்லாம் வெடிச்சிடும், புரியுதா?" என்பார். நாங்கள் பெரிய மனுஷர்கள் மாதிரித் தலையாட்டுவோம்.

ஒருநாள் கணக்கு வாத்தியார் ஆபீசரைப் பெஞ்சு மேல் ஏற்றி விளாசிவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. வாத்தியார் சாயங்காலம் தண்ணீர் வருகிற நேரத்தில்தான் குளிப்பார். உடம்பெல்லாம் சோப்பு போட்டிருக்கும்போது தண்ணீர் நின்றால் எப்படி இருக்கும்? அப்பா டீ குடிக்கப் போனதும் ஆபீசர் வாத்தியார் தெருவுக்கான கடைசிச் சின்னச் சக்கரத்தை மூட வேண்டும். நான் வாத்தியார் வீட்டுக் குளியலறை ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டுவிட்டு வந்து சொல்ல வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

தண்ணீர் நின்றது. "அடச்சே! எவன்டா அவன்?" என்று வாத்தியார் கத்தினார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பக்கத்து வீட்டிலும் கத்தினார்கள். அடுத்த தெருவிலிருந்தும் சத்தம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. ஓடினேன்.

பம்ப் ரூமில் குழாய் வெடித்து முழங்காலளவு தண்ணீர். மோட்டாரிலிருந்து கருகல் வாடை. வாசலில் ஆபீசர் தொப்பலாக நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

"சின்னது இறுகிக் கெடந்துச்சுடா. அசையவே இல்ல. பெரிசு ஈஸியா சுத்துச்சு," என்றான். "எங்கப்பா என்னக் கொன்னே போட்டுடுவார்டா."

கொல்லத்தான் செய்வார். என் அப்பாவோ என்மேல் கை ஓங்கியதே கிடையாது. அதுவும் போக, அது என் அப்பாவின் பம்ப். நம் வீட்டுச் சாமானை நாமே உடைத்தால் யார் என்ன கேட்டுவிட முடியும்? பம்ப் ஆபரேட்டர் மகனுக்கு மட்டுமே வரக்கூடிய புத்தி அது.

"பழிய என் மேல போட்டுடு. கேட்டா இப்படிச் சொல்லு: நான் வேணாம் வேணாம்னு கையப் புடிச்சேன், அவன் உதறித் தள்ளிட்டான்."

திக்கித் திணறிச் சொன்னான். எனக்கே நம்பிக்கை வரவில்லை. திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். அப்படியும் போதாது என்று அவன் சட்டையின் இரண்டாவது பட்டனைப் பிடித்து இழுத்துப் பிய்த்தேன். "இதக் காட்டு. நம்பிடுவாங்க."

நம்பிவிட்டார்கள். வெளிப் பையன் ஒருவன் புகுந்து செய்திருந்தால் அப்பா ஒரு விசாரணையோடு தப்பியிருப்பார். சொந்த மகன் என்றதும், பிள்ளையை விளையாட விட்டவர் என்று வேலையைப் பறித்தார்கள். ஊர் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் இல்லாமல் கிடந்தது. எனக்கு வறட்சி என்று பெயர் வந்தது. பிறகு என் அப்பா, தான் தண்ணீர் திறந்துவிட்ட அதே தெருக்களில் சைக்கிளில் தண்ணீர் கேன் போட்டார்.

அன்றைக்கும் அவர் என்னை அடிக்கவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே வீடு, ஒரே கூடம். "அவன சாப்பிடச் சொல்லு," என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா போன பிறகு என் மனைவியிடம் சொல்கிறார். எங்கள் கல்யாணத்தன்றுகூட என்னிடம் நேராக ஒரு வார்த்தை இல்லை.

ஆபீசரின் அப்பாவுக்கு மாற்றலாகி அவர்கள் ஊரை விட்டுப் போன பிறகு, பொறுக்க முடியாமல் ஒருநாள் உண்மையைச் சொன்னேன். அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "போனவன் மேல பழியப் போடுறான் பாரு. அந்தப் புள்ளையோட பட்டன் பிஞ்சு கெடந்தத நானே பாத்தேன்." அதோடு என் வாய் அடைபட்டது. இனி அது ஆபீசர் வாயால்தான் வர வேண்டும்.

போன மாதம் அவனாகவே எங்கிருந்தோ என் நம்பரைப் பிடித்துப் பேசினான். "அப்பாவுக்கு முடியல. இதயம் ரொம்ப வீக்கா இருக்கு. டாக்டரே கைய விரிச்சுட்டார். வந்து ஒரு தடவ பாத்துடு," என்றேன்.

"எதுக்கு வரச் சொல்றீங்கன்னு போன்லயே சொல்லிட வேண்டியதுதானே?" என்று மனைவி கேட்டாள்.

"அத அவனுக்கு நான் சொல்லணுமா? அவன் அதுக்குத்தான் வரான்," என்று எரிந்து விழுந்தேன்.

வந்தான். வழுக்கையும் தொப்பையுமாக ஆளே மாறியிருந்தான். வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக் கண்கலங்கினான். நானும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன், பொய் சொல்வானேன். நேராகப் போய் அப்பாவின் கட்டில் ஓரம் உட்கார்ந்து அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அப்பா முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

"அப்பா, அந்தப் பம்ப் ரூம் விஷயம். இத்தன வருஷமா மனச அரிச்சுக்கிட்டே இருக்கு. உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். மனைவி என் முதுகில் கை வைத்தாள்.

"நான் இன்னும் கெட்டியாப் புடிச்சிருக்கணும்பா," என்றான். "நான் வேணாம் வேணாம்னு கையப் புடிச்சேன், அவன் உதறித் தள்ளிட்டான்." சொல்லும்போது அவன் விரல் தானாகச் சட்டையின் இரண்டாவது பட்டனைத் தடவியது.

அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். "நீ சின்னப் புள்ள. நீ என்னப்பா பண்ணுவ?"

"இவனும் தெரியாமத்தான் செஞ்சான். எனக்காக இவனையும் மன்னிச்சிடுங்க."

என் மனைவி என் முதுகிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவளுக்கு இப்போது எதை நம்புவதென்று தெரியவில்லை.

வாசல்வரை அவனைக் கொண்டுவிட்டேன். "அந்தச் சக்கரத்தச் சுத்துனது யாருடா?" என்றேன்.

"நீதானேடா?" தோளில் கை போட்டான். "இன்னுமா அதையே நெனச்சுக்கிட்டிருக்க? விடுடா."

"நான் வாத்தியார் வீட்டு ஜன்னலுக்குக் கீழ நின்னேன்டா!"

"எந்த வாத்தியார்?"

அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். அதில் பொய் இருந்திருந்தால் அங்கேயே ஓங்கி ஓர் அறை விட்டு ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டிருப்பேன். துளி இல்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், பாவி.

அவன் கார் தெரு திரும்பியதும் உள்ளே வந்தேன். மனைவி அடுப்படியில் இருந்தாள். அப்பா தலையைத் தூக்கி என்னை நேராகப் பார்த்தார்.

"இங்க வாடா," என்றார். என்னிடம்தான் சொன்னார்.

போனேன். அவர் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

"அந்தப் புள்ள வந்து கேட்டுட்டுப் போயிட்டான். அவனுக்காக உன்ன மன்னிச்சுட்டேன்."

வாயைத் திறந்தேன். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிப்பா," என்றேன்.