தானாக வரும்

பொத்தானை ஒரு தட்டுத் தட்டினால் போதாது, விளக்கு எரிகிற வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். தானே வாங்கி, தானே லினக்ஸ் ஏற்றி அப்பாவின் மேஜையில் கொண்டுவந்து வைத்த கம்ப்யூட்டர்தான். அதன் பொத்தான் இப்படி முரண்டு பிடிக்கும் என்பது பெரியவனுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. மறுபடியும் அமுக்கினான். உள்ளே விசிறி கரகரவென்று சுற்ற ஆரம்பித்தது.

கூடத்தில் அப்பாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள். நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. மதியம் வண்டி வந்துவிடும்.

"கப்பலுக்குச் சொல்லியாச்சா?" அத்தையின் குரல் பின்னறை வரைக்கும் கேட்டது. அப்பாவின் தங்கை. துக்க வீட்டிலும் குரலைத் தாழ்த்தத் தெரியாதவள். கப்பல் என்றால் தம்பி. சரக்குக் கப்பலில் என்ஜின் ரூம் வேலைக்குப் போன நாளிலிருந்து குடும்பத்தில் அவனுக்கு அதுதான் பேர்.

"காலைலயே அவங்க கம்பெனிக்குப் போன் பண்ணிட்டேன்," என்றாள் பெரியவனின் மனைவி. "கப்பலுக்குத் தகவல் அனுப்பிட்டாங்களாம். தம்பி பதில் போட்டா மாமா மெயிலுக்குத்தான் வரும்னாங்க. இவர் அதான் பாக்கறார்."

"பதிலா? நல்லா போட்டான். பெத்த அப்பனுக்கு மாசக்கணக்கா ஒரு வரி எழுதத் துப்பில்லாதவன், இப்போ எழுதிக் கிழிக்கப் போறானாக்கும்!"

யாரோ "உஸ்" என்றார்கள். யாரோ அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். தம்பியை யாராவது திட்டினால் பெரியவனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி உண்டு. அதை மறைப்பானேன்? அப்பாவோடு இருந்தவன் இவன். மாத்திரை வாங்கித் தந்தவன், காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு அலைந்தவன் இவன். தம்பி கப்பலுக்குக் கிளம்பும்போது "அப்பாவை என் தலையில கட்டிட்டுப் போறே, போ" என்று இவன் சொன்னதிலிருந்து அண்ணன் தம்பி பேச்சே நின்றுபோயிருந்தது. அதற்கப்புறம் அப்பா வழியாகத்தான் எல்லாம்.

அப்பாவுக்குப் போன் சரிப்படாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆயுசு பூராவும் லென்ஸ் தேய்த்தவர். அந்தச் சக்கரத்தின் இரைச்சல் காதைத் தின்றுவிட்டது. கண் மட்டும் கழுகுக் கண். அதனால்தான் மெயில். காலையில் எழுந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் அதுவே போய் மெயிலை எடுத்து வந்து வைத்துவிடும், அவர் ஒன்றையும் தொட வேண்டாம் என்று பெரியவன்தான் அமைத்துக் கொடுத்திருந்தான். "தானா வந்துடும்பா," என்று அன்று பெருமையாகச் சொல்லியிருந்தான்.

திரை வந்தது. மெயில் பெட்டியும் தானாகத் திறந்தது. புதிதாக எதுவும் இல்லை.

"நெனச்சேன்," என்று முணுமுணுத்தான்.

கடைசியாக வந்தது தம்பியுடையதுதான், எப்போதோ வந்தது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறோம், கரையில் இறங்க விடவில்லை, எப்போது விடுவார்களோ என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே தள்ளுபடியில் மெத்தை. அதற்குக் கீழே வழுக்கைத் தலைக்குத் தைலம், நாள் தவறாமல் வந்திருந்தது. அதை அவன் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேலே போனான். மறுபடி கீழே வந்தான். தம்பியின் கடைசி மெயிலுக்குப் பிறகு மெத்தையும் இல்லை, தைலமும் இல்லை.

தம்பி எழுதாமல் இருக்கலாம். தைலக்காரன் எழுதாமல் இருப்பானா?

திரையில் கறுப்பு ஜன்னலைத் திறந்து, மெயில் எடுக்கும் கட்டளையைக் கையாலேயே அடித்தான். விரல் தப்பித் தப்பி விழுந்தது. ஒரு வரி ஓடியது, இன்னொரு வரி, பிறகு வரிகள் நிற்காமல் ஓடின. மெத்தை, தைலம், தம்பி. தைலம், தைலம், தம்பி. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஏன் என்று கண்டுபிடிக்க அவனுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கண்டுபிடிப்பதுதானே அவன் வேலை. ஒரு பெரிய கம்பெனியின் சர்வர்களையெல்லாம் கட்டி மேய்க்கிறவன். அதில் ஒன்று தும்மினாலும் அவன் போன் அலறும், குளித்துக்கொண்டிருந்தாலும் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடிவருவான். இங்கே நடந்தது சின்ன விஷயம். முன்பு மோடம் இந்த அறையில் இருந்தது, ஒயர் நேராகக் கம்ப்யூட்டருக்கு. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் சோபாவில் சிக்னல் சரியில்லை என்று அவன்தான் அதைக் கூடத்துக்கு மாற்றினான். அப்பாவுக்கு வைஃபை. வைஃபை பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரமாகும். மெயில் எடுக்கும் புரோகிராமோ கம்ப்யூட்டர் விழித்ததுமே ஓடும், லைன் வராததைப் பார்த்து ஒரே தரத்தில் கைவிட்டுவிட்டுப் படுத்துவிடும். மறுபடி முயற்சி செய் என்று அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

அது சத்தம் போடாமலும் படுக்கவில்லை. முதல் இரண்டு நாள் திரையில் சிவப்பாக ஏதோ வந்திருக்கிறது. அப்பா பயந்துபோய், இவன் மீட்டிங்கில் இருக்கும்போது கூடத்துக்கு வந்து, "டேய், இங்கிலீஷ்ல என்னமோ திட்டுதுடா," என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். இவனுக்கு மானம் போயிற்று. உட்கார்ந்த இடத்திலிருந்தே லேப்டாப் வழியாக அப்பாவின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, அந்த மாதிரிச் செய்திகள் இனிமேல் திரைக்கு வரவே வேண்டாம் என்று அடைத்துவிட்டான். என்ன செய்தி என்று படிக்கவில்லை.

அதற்கப்புறம் அது திட்டவில்லை. அப்பாதான் கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது, டிவி பார்க்கும்போது. "மெயில் வரலடா. வந்து ஒரு தரம் பாரேன்." இவன் சோபாவிலிருந்தே லேப்டாப் வழியாக எட்டிப் பார்ப்பான். கம்ப்யூட்டர் ஓடுகிறது, வைஃபை இருக்கிறது, தானாக எடுக்கும் ஏற்பாடும் அப்படியே இருக்கிறது. "எல்லாம் சரியா இருக்குப்பா. அவன் எழுதினாத்தானே வரும்?"

"என்னது?"

"அவன் எழுதினாத்தானே வரும்னேன்!"

அப்பாவுக்குக் கேட்கும்படி சொன்னால் தெருவுக்கே கேட்கும். அத்தைக்கும் அப்படித்தான் கேட்டது.

தம்பியின் மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். பெரிய விஷயம் எதுவும் இல்லை. சமையல்காரன் ஊருக்குப் போய்விட்டான், நாங்களே பொங்கித் தின்கிறோம். முழங்கால் வலி எப்படி இருக்கு? இன்றைக்கு ஒரு திமிங்கலம் பார்த்தேன், நிஜமாகத்தான், கேலி பண்ணாதீங்க. பிறகு, ஏன்பா பதில் இல்லை? பிறகு, 'மெயில் வரவில்லை, நலமா' என்று எழுதியிருந்தீர்களே, நான் எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன்? கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறாக இருக்கும். அண்ணாவைப் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணா கை வைத்தால் ரெண்டு நிமிஷத்தில் சரியாகிவிடும்.

அதற்கு மேல் படிக்க முடியாமல் எழுந்து நின்றான். அறையில் யாரும் இல்லை, ஆனாலும் யாரோ பார்க்கிற மாதிரி கதவைச் சாத்தினான். இத்தனையையும் ஒரே தட்டில் அழித்துவிடலாம். யாருக்குத் தெரியும்? இந்த வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். எண்ணம் வந்ததே என்று அவனுக்கே கூசியது, ஆனாலும் வந்தது.

கடைசி மெயில் இன்று காலையில் வந்தது. அது அப்பாவுக்கு இல்லை. 'அண்ணா, கேப்டன் கப்பல் போனில் பேச அனுமதித்திருக்கிறார். அப்பாவை எடுப்பதற்கு முன்னால் உன் நம்பருக்குக் கூப்பிடுகிறேன். அதுவரைக்கும் எடுத்துவிடாதே, ப்ளீஸ்.'

மனைவி கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். "தம்பி ஏதாச்சும் போட்டிருக்காரா?"

"போன் பண்றானாம்."

"உங்களுக்கு என்ன, முகம் இப்படி வெளுத்திருக்கு? தண்ணி குடிங்க."

தண்ணீரை வாங்கிக் குடித்தான். அவளிடமாவது சொல்லியிருக்கலாம். தம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.

வண்டி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. விசித்திரமான, நீளமான நம்பர். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவனை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஸ்பீக்கர்ல போடு," என்றாள் அத்தை. "நாலு வார்த்தை நானும் கேக்கறேன் அந்தப் புண்ணியவானை."

"அண்ணா?"

"சொல்லுடா."

ஒவ்வொரு பேச்சும் போய்ச் சேர்ந்து திரும்புவதற்கு நேரம் பிடித்தது. நடுவில் வெறும் இரைச்சல்.

"அப்பா முகம் எப்படி இருக்கு?"

"ஷேவ் பண்ணி விட்டோம். நல்லா இருக்காருடா."

"இப்போ கேளுடா முகத்தை!" அத்தை போனைப் பார்த்துக் கத்தினாள். "உசிரோட இருக்கறப்போ என்ன பண்ணிட்டிருந்தே? உன் மெயிலுக்காக வாசலைப் பாக்கற மாதிரி அந்தக் கம்ப்யூட்டர் பொட்டியப் பாத்துப் பாத்தே போயிட்டாருடா மனுஷன்!"

இரைச்சல். பிறகு, "அத்தையா? எழுதினேனே அத்தை. வாராவாரம் எழுதினேன். ஒரே ஒரு தரம் மெயில் வரலன்னு எழுதினாரு, அதுக்கப்புறம் அப்பாதான் பதிலே போடல. அண்ணா, அப்பாவுக்கு என் மேல கோவமா? அது ஒண்ணு மட்டும் சொல்லிடு. பரவால்ல, சொல்லு."

பெரியவன் நாக்கில் ஒரு பொய் தயாராக இருந்தது. உடம்பு முடியல, கம்ப்யூட்டர்ல உக்கார முடியல. பாதி நிஜமும்கூட. எல்லாரும் நம்புவார்கள்.

"நீ கூட இருக்கேங்கற தைரியத்துலதான் நான் சும்மா இருந்தேன்ணா," என்றான் தம்பி.

"கோவமில்லடா," என்றான் பெரியவன். "நீ எழுதினது எதுவும் அவருக்கு வரல. மோடத்தை நான் எடம் மாத்தினேன். அதுல நின்னு போச்சு. அவர் எங்கிட்ட சொல்லிட்டே இருந்தாரு. நான் எந்திரிச்சுப் போய்ப் பாக்கல. இன்னிக்குக் காலைலதான் பாத்தேன்."

அத்தை வாயில் வைத்திருந்த சேலைத் தலைப்பை எடுத்தாள். மனைவி சுவரைப் பார்த்தாள்.

"அப்போ நான் எழுதவே இல்லேன்னு..." தம்பி முடிக்கவில்லை. தூரத்தில் என்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. "கடைசியா என்னப் பத்திக் கேட்டாரா?"

"கேட்டாரு. ஆஸ்பத்திரில."

"நீ என்ன சொன்னே?"

அவன் பெட்டியின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவனுக்கு நம்ம நெனப்பெல்லாம் இல்லப்பா, நீங்க தூங்குங்கன்னேன்." கொஞ்சம் பொறுத்து, "சத்தமாத்தான் சொன்னேன். அவருக்குக் கேக்கணுமே."

இந்த முறை இரைச்சல் நீண்டது. லைன் போய்விட்டதோ என்று மனைவி போனை எட்டிப் பார்த்தாள்.

"சரிண்ணா," என்றான் தம்பி. "அண்ணிகிட்ட குடு."

அவள் வாங்குவதற்குள் அத்தை போனைப் பிடுங்கிக்கொண்டாள். "கண்ணு, அத்தைடா. உன்ன என்னென்னமோ பேசிட்டேனேடா. என் வாயில மண்ணை அள்ளிப் போட..." அழுதுகொண்டே பேசினாள். பிறகு மனைவி பேசினாள், பிறகு எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன், பிறகு வேறு யாரோ. போன் கை மாறிக் கை மாறிக் கூடத்தைச் சுற்றி வந்தது. அவனிடம் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. திட்டவும் இல்லை. ஒருத்தராவது திட்டினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். அவருக்கு இந்த வீட்டின் கதை எதுவும் தெரியாது.

"பெரிய பையன் யாருங்க? வாங்க, தலைப் பக்கம் முன்னால பிடிங்க."

எல்லாரும் வழி விட்டார்கள். அவன் முன்னால் போகவில்லை. "நீங்க பிடிங்க," என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டுப் பின்னால் போய்க் குனிந்தான். வண்டிக்காரர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சரி, தூக்குங்க என்றார். கால் பக்கம் அவ்வளவாகக் கனம் இல்லை.