லூர்தம்மாளின் கடைவாய்ப் பல்லுக்குப் பொறுப்பேற்ற கை

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்துச் சத்தியம். சிறுமலையில் லூர்தம்மாள் முறுக்குக் கடித்தால், மலைக்குக் கீழே திண்டுக்கல்லில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் இயந்திரக் கை மேலும் கீழும் ஆடியது. மூன்று மாதம் ஆடியது.

லூர்தம்மாள் மிளகு வியாபாரி. தோட்டத்து மிளகு காய்ந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது அவளுடைய வலது கடைவாய்ப் பல். காய்ந்த மணி டப்பென்று உடையும், ஈரமணி நசுங்கும். அந்தப் பல் ஒரு மாசியில் ஆடி விழுந்தது. இடது பக்கம் கடித்துப் பார்த்து வாங்கிய மூன்று மூட்டையும் பூஞ்சணம் பூத்தது. போட்டி வியாபாரி கண்ணுசாமி சும்மா இருப்பானா? "ஏன் லூர்து, இனிமே மிளகக் கஞ்சியில ஊறவச்சுத்தான் வெல பேசுவியா?" என்றான், பஸ்ஸில் அம்புட்டுப் பேர் முன்னாலும். அடுத்த பருவத்துக்குள் பல் வராவிட்டால் தோட்டக்காரர்கள் அவன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஐப்பசியில் டாக்டர் மணிமேகலை அவள் தாடையைப் படம்பிடித்து, கம்ப்யூட்டரில் எலும்பையும் நரம்பையும் தனித்தனியாகக் காட்டி, பல்லைத் தாங்கும் ஆணி இறங்க வேண்டிய இடத்தைக் குறித்தார். இறக்கப்போவது இயந்திரக் கை. "நீங்க தலைய அசைச்சா அதுவும் கூடவே அசையும்மா, பயப்படாதீங்க." லூர்தம்மாள் பயப்படவில்லை. ஆனால் பேச்சு முடியாமல் யாரையும் வாயில் கைவைக்க விடுவதாயில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இயந்திரத்தின் மேல் போட்டாள். வியாபாரிகள் பேரம் முடிப்பதுபோல, துண்டுக்குள் அதன் ஒற்றை விரலைப் பிடித்து மூன்று தரம் அமுக்கினாள். "மூணு மாசம். பல்லு ஊனுற வரைக்கும் நீதான் பொறுப்பு." துண்டுக்குள் முடிந்த பேச்சை மலையில் மனிதர்களே மீறுவதில்லை. டாக்டருக்கு இந்த வழக்கம் தெரியாது, சிரித்துக்கொண்டே மரத்துப்போக ஊசி போட்டார். ஆணி மயிரிழை பிசகாமல் இறங்கியது.

அவள் பஸ்ஸேறியதும் கை சிறுமலைப் பக்கம் திரும்பிக்கொண்டது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சாய்ந்து நிமிர்ந்தது. சென்னையிலிருந்து வந்த கம்பெனி என்ஜினியர் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார், அப்போதும் ஆடியது. நன்றாக இயங்குகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டு, ரயிலேறிப் போனார். மற்றவர்களுக்கு டாக்டர் பழையபடி தன் கையாலேயே ஆணி இறக்கினார். கை வேகமாக ஆடினால் போனை எடுப்பார்.

"அம்மா, என்ன திங்கிறீங்க?"

"அதிரசம் தாயி."

"அதிரசத்துக்கு இப்படி ஆடாதும்மா."

"பாதி முறுக்குதான். மீதிய வச்சுட்டேன்."

மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது பருவத்தின் முதல் மிளகு களத்துக்கு வந்தது. கண்ணுசாமியும் வந்து நின்றான். தோட்டக்காரர் பொம்மையன், "கடிச்சுச் சொல்லுத்தா" என்று ஒரு மணியை நீட்டினார். அவளால் பொறுக்க முடியவில்லை. ஈறுக்கு மேல் தெரிந்த ஆணித் தலையிலேயே மணியை வைத்தாள். திண்டுக்கல்லில் கை விருட்டென்று எழும்பியதைப் பார்த்த டாக்டர் போன் போட்டார். களத்துப் பக்கம் டவர் இல்லை. கடித்தால் ஆணி பெயர்ந்துவிடும். வேறு வழி தெரியாமல் கையை இறங்கவிடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டார். களத்தில் லூர்தம்மாளின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. முக்கால் மணி நேரம் நின்றது.

"பொம்மையண்ணே, அந்த வாயில துணிய அடைங்க, ஈ போகுது" என்ற கண்ணுசாமி, கடித்துப் பார்க்கக்கூட மறந்து மொத்தச் சரக்கையும் ஏற்றிக்கொண்டு போனான். அம்புட்டும் ஈர மிளகு. இந்தத் தடவை பூஞ்சணம் அவன் குடோனில் பூத்தது.

ஒன்பதாம் நாள் எக்ஸ்ரேயில் எலும்பு ஆணியைக் கவ்விப் பிடித்திருந்தது. பல்லைத் திருகி மாட்டியதும் லூர்தம்மாள் மடியிலிருந்து ஒரு மிளகை எடுத்துக் கடித்தாள். டப். வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்டது. போன மாசியிலிருந்து நெஞ்சில் நின்ற மூச்சு ஒன்று அவளிடமிருந்து நீளமாக வெளியேறியது. கை தளர்ந்து, அடுத்த ஆளின் வாய்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. இப்போது அந்த அறையில் சுவர் ஆணியில் ஒரு துண்டு தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் துண்டுக்குள் விரலை மூன்று தரம் அமுக்கிவிட்டுத்தான் நாற்காலியில் சாய்கிறார்கள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

சூடம் அணைந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: லூர்தம்மாளுக்கு இந்தத் தையோடு அறுபத்து மூன்று வயது, முப்பத்திரண்டும் சொந்தப் பல், ஒன்றுகூட இதுவரை ஆடியதில்லை.