தோளில் கிடந்த பிளக்

சுந்தர்சிங் மேஜைமேலிருந்த ரேடியோ ரிசீவரைத் தூக்கக் கையை நீட்டியபோது ரத்தினபாய் குறுக்கே போய் நின்றாள்.

“கைய வைக்காதீங்கண்ணா.”

“புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? ஆளக் கொன்ன சாமான நடு ஹால்ல வெச்சுக்கிட்டு! பழைய இரும்புக்காரன் வாசல்ல நிக்கிறான். பாஸ்டர் வர்றதுக்குள்ள தொலைச்சுக் கட்டலாம், தள்ளு.”

காலையிலிருந்து இதே பாட்டுத்தான். மாரடைப்பு என்று டாக்டர் வந்து பார்த்துத் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். யார் காதில் வாங்கினார்கள்? கூடப் பிறந்த அண்ணனே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாலையோடு வருகிறவர்களிடமெல்லாம் கரண்ட் அடித்துச் செத்ததாகக் கதை அளந்துகொண்டிருந்தார். “கரண்டோட விளையாடாதீங்க மாப்பிள்ளைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்.” சேலையூர் வரைக்கும் செய்தி போயிருக்கும். அதைக் கேட்டதிலிருந்து பக்கத்து வீட்டுக் கனகவல்லி, தரையிலும் கரண்ட் இருக்குமோ என்று பயந்து, ரப்பர் செருப்பைக் கழற்றாமலே ஹாலுக்குள் நடமாடினாள். துக்க வீட்டில், கணவர் வில்பிரட்டின் தலைமாட்டில், செருப்போடு! ரத்தினபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் கணக்கு வாத்தியார். ஆனால் தாம்பரத்தில் பாதிப் பேர் வீட்டு ரேடியோ அவர் கைபட்டுத்தான் பாடியது. அப்படிப்பட்டவர், கவனமில்லாமல் செத்தவர் என்று பேர் வாங்கிக்கொண்டு குழிக்குள் இறங்குவதா?

அந்த ஜப்பான் ரிசீவர் போன மழைக்காலத்தில் ஊமையானது. அன்றிலிருந்து சாயங்காலமானால் அதன்முன் உட்கார்ந்துவிடுவார். அவளையும் கூப்பிட்டு மீட்டரைக் காட்டுவார்.

“பாட்டு இல்லாதப்ப ஸ்பீக்கர் வயர்ல ஒண்ணுமே இருக்கக் கூடாது ரத்தினம். சுத்தமா ஜீரோ. இங்க பாரு, ரெண்டு வோல்ட் சும்மா நிக்குது. இப்படியே விட்டா ஸ்பீக்கர் கருகிடும். அதான் உள்ள இருக்கிற ரிலேங்கிற சுவிட்ச் ஸ்பீக்கருக்கு லைன் குடுக்க மாட்டேங்குது. சரியாயிட்டா டக்குனு ஒரு சத்தம் வரும், பாரேன்.”

வரவேயில்லை. பெரிய டிரான்சிஸ்டர்களை மாற்றினார், கண்டென்சர்களை மாற்றினார். முள் அதே ரெண்டில் நின்றது. கடைசியில் சந்தேகம் முன்பக்கத்து இரண்டு சின்ன டிரான்சிஸ்டர்கள் மேல் போனது. அவை ஒன்றுக்கொன்று அச்சாக இருக்க வேண்டுமாம். ஒன்று மட்டும் கெட்டாலும் முள் நகர்ந்துவிடுமாம். ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து ஒரு கை நிறைய வாங்கிவந்து, ஒவ்வொன்றாக அளந்து ஒரு ஜோடி பொறுக்கி வைத்திருந்தார்.

உள்ளே கை விடும் முன் பிளக்கை உருவித் தன் தோளில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். “இது என் தோள்ல இருக்கிற வரைக்கும் எவனும் தெரியாம சுவிட்சைப் போட முடியாது” என்பார்.

நேற்று அவள் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவர் மேஜைமேல் தலை சாய்ந்திருந்தார். பிளக் தோளில் கிடந்தது. சால்டரிங் அயர்னையும் உருவி வைத்திருந்தார். அது ஆறிக் கிடந்தது. தோளிலிருந்து அந்த வயரை எடுத்தவளே அவள்தான். அண்ணனிடம் எத்தனை தடவை சொல்லியாயிற்று!

“பிளக்கே குத்தலண்ணா. கரண்ட் எங்கேருந்து வரும்?”

“பெட்டிக்குள்ள தங்கியிருக்கும். யாரு கண்டா?”

யாரு கண்டாவா? அவள் கண்டாளே! ரத்தினபாய் பிளக்கை எடுத்துக்கொண்டு சுவரருகே போனாள்.

“ஐய, இன்னாக்கா பண்றே! நீயும் போய்ச் சேரணுமா?” கனகவல்லி அலறினாள்.

அந்தப் புது ஜோடியை அவர் பற்றவைத்ததோடு சரி, போட்டுப் பார்க்கவில்லை. புகை கிளம்பினால் போதும், அண்ணன் ஆயுசுக்கும் இதைச் சொல்லிக் காட்டுவார். பிளக்கைச் செருகிச் சுவிட்சைப் போட்டாள்.

டயலில் பச்சை வெளிச்சம் வந்தது. ஸ்பீக்கர் வயர் மாட்டுமிடத்தில் அவர் கவ்வவிட்டிருந்த மீட்டர் அப்படியே இருந்தது. அதன் முள் ஒரு துள்ளு துள்ளியது. பிறகு மெல்ல இறங்கி ஜீரோவில் நின்றது. ரத்தினபாய் காத்திருந்தாள். தூரத்தில் மின்சார ரயில் ஒன்று போனது.

“பாத்தியா, இதுக்குத்தான்...” என்று சுந்தர்சிங் ஆரம்பித்தார்.

டக்.

“இன்னாது அது சத்தம்?” என்றாள் கனகவல்லி.

ரத்தினபாய் அண்ணன் பக்கம் திரும்பினாள். “இப்பப் போய் வாசல்ல சொல்லுங்க. வேலைய ஒழுங்கா முடிச்சுட்டுத்தான் செத்தாருன்னு சொல்லுங்க. கரண்ட் கதை சொன்ன அதே குரல்ல சொல்லுங்க.”

சுந்தர்சிங் வாசலுக்குப் போனார். என்ன சொன்னாரோ, இரும்புக்காரனின் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பாஸ்டர் வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ரிசீவரை அணைக்கும்படி யாரும் சொல்லவில்லை.

ஜெபம் தொடங்குமுன் கனகவல்லி நழுவி வெளியே போய், படிக்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றாள்.