படத்தின் மூலையில் ஒரு கோபுரம்

ஹேசல் லார்ட்டர் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்த்தாள். மற்றவர்களின் வலியைப் புன்னகையோடு கேட்டுக்கொள்வதுதான் அவள் தொழில். அப்படிப்பட்டவளுக்கே, வயல்களில் பழங்காசு தேடும் விக்ளிங் ஊர் மெட்டல் டிடெக்டர் சங்கத்தில் சேர்ந்த முதல் நாளே ரத்தம் கொதித்தது.

இத்தனைக்கும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நான் புதுசு. எங்க தேடினா நல்லது?"

சங்கம் கூடும் பப்பின் பின்னறையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தங்கள் பீருக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். கடன் கேட்டிருந்தால்கூட ஒருவராவது நிமிர்ந்திருப்பார்.

"ஆராய்ச்சி பண்ணு கண்ணு," என்றார் தலைவர் டெஸ்மண்ட் கெரிசன். "எல்லாமே ஆராய்ச்சிதான்."

"அதை எப்படிப் பண்றது?"

"அதையும் ஆராய்ச்சி பண்ணித்தான் கண்டுபிடிக்கணும்."

அறை முழுக்கச் சிரிப்பு. சரி, பண்ணித்தான் காட்டுவோம் என்று ஹேசல் வீட்டுக்கு வந்தாள்.

மாவட்ட ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடங்களை விரித்து உட்கார்ந்தாள். இப்போது இறக்கையில்லாமல் நிற்கும் பழைய காற்றாலைக்குக் கீழே ஒரு வயலுக்குச் 'சந்தைத் திடல்' என்று பெயர் போட்டிருந்தது. சந்தை என்றால் கூட்டம். கூட்டம் என்றால் சிந்திய காசு. நிலக்காரருக்குப் போன் போட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "தாராளமா வாங்க," என்றார். அந்தச் சிரிப்பை ஹேசல் அன்பு என்று நினைத்துவிட்டாள். வயலில் கால் வைத்ததும் கருவி அலறியது. நகர்ந்தாள், அங்கேயும் அலறியது. நகரத்துத் தோட்டக் குப்பையை அரைத்து அந்த வயலில் உரமாகக் கொட்டியிருந்தார்கள். குப்பையோடு பீர் டின்களும் அரைபட்டிருந்தன. வயல் முழுக்க நகத்தளவு தகரத் துண்டுகள். அந்தக் காலத்து அரசன் தன் கஜானாவையே அங்கே புதைத்திருந்தாலும் கருவிக்குத் தெரியப் போவதில்லை.

ஹேசல் அன்று இரவு முழுக்கப் பல்லைக் கடித்தாள். பல் மருத்துவமனையில் வேலை செய்கிறவள் செய்யக்கூடாத காரியம் அது.

பிறகு யோசித்தாள். காசு சும்மா விழாது. மனுஷன் குனிய வேண்டும், ஏற வேண்டும், குடித்துவிட்டுப் புரள வேண்டும். மறுபடி வரைபடத்தைப் பார்த்தாள். கூடர்ஹாம் என்ற விவசாயியின் வயலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு சர்ச்சுக்கு ஓர் ஒற்றையடிப் பாதை போனது. பாதை வேலியைச் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்னக் குறி: ஏறி இறங்குவதற்கான மரப்படி. வேலியும் போய்விட்டது, படியும் போய்விட்டது. ஆனால் எத்தனையோ தலைமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் காணிக்கைக் காசைப் பையில் போட்டுக்கொண்டு ஜனங்கள் அங்கேதான் காலைத் தூக்கியிருப்பார்கள். கடவுளுக்கென்று கிளம்பிய காசில் கொஞ்சம் வழியிலேயே இறங்கியிருக்கும்.

கூடர்ஹாமோ யாருக்கும் அனுமதி கொடுக்காத ஆள்.

"முடியாதும்மா. முன்னாடி ஒருத்தன் தேடுறேன்னு வந்தான். கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டான். என் மாடெல்லாம் மெயின் ரோட்ல போய் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்னுச்சு."

ஹேசல் வாதாடவில்லை. திரும்பிப் போகும்போது கேட்டைச் சாத்தினாள். நாலு எட்டு போனவள் திரும்பி வந்து, கொண்டி விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள்.

"ஏம்மா," என்று பின்னால் குரல் வந்தது. "சனிக்கிழமை வா. விதைக்கிறதுக்குள்ள பாத்துக்கோ."

அந்தச் சனிக்கிழமை, படி இருந்த இடத்தில் இரண்டு வெள்ளிக்காசுகள் கிடைத்தன. இரண்டும் முதலாம் எலிசபெத் காலத்தவை, மீன் செதில்போல மெல்லியவை. ஹேசல் மண்ணிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தாள். ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்துச் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் போட்டாள். இடத்தைச் சொல்லவில்லை. அவளும் இப்போது சங்கத்து ஆள்தானே.

அடுத்த சனிக்கிழமை போனபோது கூடர்ஹாம் வயலோரம் ஏழு கார்கள் நின்றன. காட்டுப் போருக்குப் போகிறவர்களைப்போலப் பச்சைச் சட்டை போட்ட ஆட்கள் வயலைக் கருவிகளால் அலசிக்கொண்டிருந்தார்கள். படி இருந்த இடத்தில், அவள் தோண்டி மூடிய குழிமேலேயே, கச்சிதமாக நின்றவர் டெஸ்மண்ட்.

"இது என் இடம்!"

"நிலத்துல உன் பேர் எழுதியிருக்கா கண்ணு?"

"நான் கேட்டு வாங்கின அனுமதி!"

"நாங்களும் கேட்டோமே. நீ சொல்லி வந்தோம்னு சொன்னோம். ஒரு பாட்டில் விஸ்கியும் கொடுத்தோம்."

"இடம் எப்படித் தெரிஞ்சுது?"

டெஸ்மண்ட் தொப்பியைச் சரிசெய்தார். "ஆராய்ச்சி."

ஹேசல் நேராகக் கூடர்ஹாமிடம் போனாள். அவர் அவளைவிடக் கோபமாக இருந்தார்.

"உன் ஆளுங்கன்னு நம்பி விட்டேன். காலைல இருந்து ரெண்டு தடவை கேட் திறந்து கிடந்துச்சு!"

"என் ஆளுங்க இல்ல! விரட்டுங்க அவங்கள!"

"எப்படி விரட்டுறது? டெஸ்மண்டோட மச்சான்தான் எங்க மாட்டு டாக்டர். கன்னு போடுற நேரம், அவரைப் பகைச்சுக்க முடியாது. நீ கூட்டிட்டு வந்த கூட்டம், நீயே கூட்டிட்டுப் போ. அடுத்த சனிக்கிழமையும் இவங்க இங்க நின்னா, உனக்கும் சேத்துதான் கேட்டைப் பூட்டுவேன்."

வீட்டில் கணவன் காலின் டீ போட்டுக் கொடுத்தான். "போலீஸ்ல சொல்லேன்."

"என்னன்னு சொல்ல? என் ஆராய்ச்சியைத் திருடிட்டாங்கன்னா?"

அவள் போனை எடுத்துத் தன் படத்தையே முறைத்தாள். கை, காசு, மண். விரல்களால் பெரிதாக்கினாள். மூலையில், கட்டைவிரலுக்குப் பின்னால், உச்சி உடைந்த ஒரு வட்டமான சர்ச் கோபுரம். சுற்றுவட்டாரத்தில் அப்படி உடைந்த கோபுரம் ஒன்றே ஒன்றுதான். சங்கத்தில் ஒருத்தரும் காசைப் பார்க்கவே இல்லை!

"நான் ஒரு முட்டாள்," என்றாள்.

"அப்படியெல்லாம் இல்ல," என்றான் காலின், கொஞ்சம் தாமதமாக.

ஹேசலின் கோபம் அப்போதுதான் பக்குவத்துக்கு வந்தது. மூலையில் நின்ற ஒரு கோபுரமே ஏழு கார்களை இழுத்துவருமென்றால்?

மறுநாள் இரண்டாவது வெள்ளிக்காசை எடுத்துக்கொண்டு சந்தைத் திடலுக்குப் பக்கத்து ரோட்டில் போய் நின்றாள். காசை உள்ளங்கையில் வைத்தாள். இறக்கையில்லாத காற்றாலை படத்தின் மூலையில் பாதி மட்டும், தெரியாமல் விழுந்ததுபோல வரும்வரை கையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். படத்தின் கீழே ஒரே வரி எழுதினாள்: 'டெஸ்மண்ட் சொன்ன ஆராய்ச்சிக்கு நன்றி.' பொய் ஒன்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஹேசல் போனபோது கூடர்ஹாமின் வயலில் காக்கைகள் மட்டும் இருந்தன. காற்றாலைப் பக்கம் காரை ஓட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான் காலின்.

"ஏழு காரும் அங்கதான் நிக்குது. எல்லாரும் ஹெட்போனைக் கழட்டிட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிறாங்க. டெஸ்மண்ட் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி ஒரு பீர் டின்னோட மூடி வளையத்தை எடுத்தார். நிலக்காரர் மட்டும் சந்தோஷமா இருக்கார்."

கூடர்ஹாம் கேட்டருகே வந்து காலி வயலைப் பார்த்தார். "விதைக்கிறதை ரெண்டு வாரம் தள்ளி வச்சிருக்கேன்," என்றார். "கேட்டைச் சாத்திட்டுப் போ."

அந்த மாதக் கூட்டத்தில் டெஸ்மண்டின் முகம் பீட்ரூட் நிறத்தில் இருந்தது. அரைமணி நேரம் நேர்மை பற்றிப் பேசினார். "ஒரு சங்க உறுப்பினர் இன்னொரு உறுப்பினரை ஏமாத்தலாமா? நம்பிக்கைன்னு ஒண்ணு வேண்டாமா?" மேஜையைக் குத்தினார். "தீர்மானம் கொண்டுவரேன். இனிமே யார் எந்தப் படம் போட்டாலும், பின்னால தெரியற இடம், பொருள் கிடைச்ச அதே இடமா இருக்கணும். நல்லாத் தெரியவும் செய்யணும்!"

"நான் வழிமொழியறேன்," என்று ஹேசல் எழுந்தாள்.

"ஆதரவா கை தூக்குங்க!" என்றார் டெஸ்மண்ட்.

கொதித்துப்போயிருந்த சங்கம் மொத்தமும் கையைத் தூக்கியது. பின்னறை நிறைய நியாயமான கைகள். அப்புறம் மூலையில் இருந்த ஒருவர், தான் தேடும் ரகசிய வயலையும் இனி படத்தில் காட்ட வேண்டியிருக்கும் என்று யோசித்தார். அவர் கை மெதுவாக இறங்கியது. பக்கத்தில் இருந்தவர் அவரைப் பார்த்தார், அவரும் யோசித்தார். ஒவ்வொரு கையாகக் கோப்பைக்குத் திரும்பியது. கடைசியில் டெஸ்மண்டும் தலையைச் சொறிவதற்காகத்தான் தூக்கியதுபோலத் தலையைச் சொறிந்தார்.

ஹேசல் மட்டும் கையை இறக்கவே இல்லை.

"எண்ணிக்குங்க தலைவரே," என்றாள்.