நேர்ல பாக்கணும்

"இன்னும் கொஞ்சம் கீழம்மா. கணுக்கால் தெரியல."

செல்போனுக்குள்ளிருந்த டாக்டரம்மா சொன்னபடி, மருமகள் குனிந்து மாமனாரின் வீங்கிய காலருகே போனைப் பிடித்தாள்.

"விரலால அமுக்குங்க."

அமுக்கினாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

"காத்து இருக்கான்னு பாக்கறீங்களா டாக்டர்?" என்றார் மாமனார். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். தலை வாரி, முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். பெண் டாக்டர் முன்னால் பனியனோடு உட்கார மாட்டாராம்.

வயிற்றில் தொடங்கிய புற்று முதுகெலும்புக்கு ஏறியிருந்தது. வீடோ மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கடைசியாக நாற்காலியோடு தூக்கி இறக்கியபோது படிக்குப் படி அவர் பல்லைக் கடித்தது அவள் காதில் விழுந்தது. "இனிமே இறங்கினா ஒரேயடியாத்தான்" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து போன் வைத்தியம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. டாக்டரம்மா பொறுமைசாலி. சர்க்கரை, தூக்கம், மலச்சிக்கல் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. வலி மட்டும் கேட்கவில்லை.

"இதுக்கு மார்ஃபின்தான்மா சரி. ஆனா அதை வீடியோவுல பாத்து எழுத எனக்கு அனுமதி இல்ல. ஒருத்தர் நேர்ல பாக்கணும்."

"வீட்டுக்கு யாரு டாக்டர் வருவாங்க?"

"விசாரிக்கறேன். அதுவரைக்கும் வேற மாத்திரைக்குச் சீட்டு அனுப்பறேன்."

பக்கத்து வீட்டுக்காரியை உட்கார வைத்துவிட்டு மருமகள் இறங்கினாள். முதல் மருந்துக்கடையில், போனில் காட்டும் சீட்டுக்கு அந்த மாத்திரை தர முடியாது, சீல் வேண்டும் என்றார்கள். அடுத்ததில் சரக்கு இல்லை. பேருந்து நிறுத்தத்தருகே இருந்த கடைக்காரர் மட்டும் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"யாருக்கும்மா?"

"அப்பாவுக்கு." அப்படிச் சொன்னால் சீக்கிரம் தருவார்கள் என்று தோன்றியது.

அவர் சீட்டிலிருந்த எண்ணுக்குப் பேசி, கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டு, எடுத்துக் கொடுத்தார்.

"லோடு வந்துடுச்சா?" என்றார் மாமனார். மாத்திரையை விழுங்கவே நெடுநேரம் ஆனது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "காலையிலேர்ந்து பட்டினியா அலையற. போய்ச் சாப்பிடு" என்றார்.

அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டாள். பசி இருந்தது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். மூக்கருகே விரலை நீட்டிப் பார்த்தாள். பிறகு தொழிற்சாலையிலிருந்த கணவனை அழைத்தாள்.

"கிளம்பி வாங்க."

"ரொம்ப முடியலையா?"

"கிளம்பி வாங்க."

போனை வைப்பதற்குள் திரையில் டாக்டரம்மா வந்தார். குரலில் உற்சாகம். "ஆள் கிடைச்சாச்சும்மா! சாயங்காலம் வீட்டுக்கே வந்து பாத்து மார்ஃபின் எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்கார்."

மருமகள் போனைக் கட்டில் பக்கம் திருப்பினாள். டாக்டரம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பம்மா?"

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

திரையில் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "இறப்புச் சான்றும் நான் தர முடியாதும்மா. அதுக்கும் ஒருத்தர் நேர்ல பாக்கணும். வரப்போற டாக்டர்கிட்டயே சொல்லிடறேன்."

சாயங்காலம் அந்த டாக்டர் வந்தார். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மணிக்கட்டைப் பிடித்தார். நெஞ்சில் குழாயை வைத்து, தலையைச் சாய்த்து, அவசரமில்லாமல் கேட்டார். இமையை விலக்கி டார்ச் அடித்தார். சுவரோரம் நின்ற மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மருமகள் மட்டும் அந்தக் கைகளையே பார்த்தாள். இந்த வீட்டில் மாமனாரைத் தொட்ட முதல் டாக்டர்.

எழுத வேண்டியதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "கொஞ்சம் கை கழுவணும்."

குழாயடியில் கரைந்து சில்லாகிப் போன சோப்பு கிடந்தது. மருமகள் அதை எடுத்துவிட்டு, அலமாரியிலிருந்து புதியதொன்றை உறை பிரித்து நீட்டினாள்.

"ஐயோ, இதெல்லாம் எதுக்கும்மா?"

அவள் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் நூல்போலத்தான் வந்தது. அவர் கழுவி முடிக்கும்வரை துவைத்த துண்டை இரு கையிலும் ஏந்தி நின்றாள்.