ஜீப்புக்கு விழுந்த பூட்டு

செங்கல் சூளை முதலாளி மாதவராஜ் தெளிந்திருந்து பார்த்தவர் பாப்பாரப்பட்டியில் ஒருவரும் இல்லை. பல் துலக்குமுன்பே முதல் குவார்ட்டர் முடிந்துவிடும். அவர் கொட்டாவி விட்டால் எதிரே பறக்கும் ஈ தலைசுற்றி விழும். அவரைக் கடித்த கொசு வீட்டுக்கு வழி தெரியாமல் பென்னாகரம் வரை போய்விடும். இத்தனைக்கும் ஜீப்பை அவரேதான் ஓட்டுவார். பெரிய ரோட்டில் போலீஸ் ஊதச் சொல்வார்கள் என்று மண்பாதையில் வளைந்து வளைந்து வருவார். பாதை என்னவோ நேரானதுதான்.

அப்படி வந்த ஒரு மத்தியானம்தான் பானுமதியின் மகள் காவியாவைச் சந்தை முனையில் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனார். காலேஜில் கபடி ஆடிக்கொண்டிருந்த பெண், காலுக்குள் கம்பியோடு கட்டிலில் கிடந்தாள். பார்த்தவர்கள் சந்தை கொள்ளாமல் இருந்தார்கள். ஆனால் ஊரில் பாதிப் பேருக்குச் சூளையில்தான் வேலை. விசாரணை என்றதும் அத்தனை பேர் கண்ணிலும் ஒரே சமயத்தில் தூசி விழுந்துவிட்டது. பெண்தான் குறுக்கே ஓடி வந்தாள் என்று மாதவராஜ் சொன்னதே நின்றது.

நான்தான் குடித்துவிட்டு இடித்தேன் என்று அவர் வாயாலேயே ஊர் கேட்கச் சொல்ல வேண்டும், அதுவரை அந்த ஜீப் நகரக் கூடாது. பானுமதிக்கு வேறு ஆசையே இல்லை. அந்தக் கோபத்தோடு அவள் அரைத்த சட்னியைத் தொட்ட காக்கை அப்புறம் கரையவே இல்லை.

ஏரிக்கரை முனியப்பன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. அநியாயம் செய்தவன் பேரைச் சொல்லி அங்கிருக்கும் வேலில் பூட்டு மாட்டிவிட்டு வருவார்கள். நியாயம் கிடைத்த பிறகு, பூட்டியவர் மனது வைத்தால்தான் அதைத் திறக்கலாம். வேறு யாராவது உடைத்தால் ரத்தம் கக்கிச் சாவார்கள் என்று ஊர் நம்பியது. வேலில் மாட்டினால் முனியப்பன் நிதானமாகத்தான் பார்ப்பார். ஜீப்புக்கே மாட்டினால் என்ன என்று பானுமதி யோசித்தாள்.

ஆடி ஞாயிறு அன்று மாதவராஜ் கோயிலில் ஜீப்புக்குப் பூஜை போட்டு, கிடா வெட்டி, புளியமரத்தடியில் குடிக்க உட்கார்ந்தார். கறி வெந்து இறங்குவதற்குள் பானுமதி, பூசாரி மாரியப்பனிடம் பூட்டைக் கொடுத்து சாமி காலடியில் வைத்து வாங்கினாள். மாட்டுச் சங்கிலியைப் பின்சக்கரத்துக்குள் விட்டுக் கோயில் கல்தூணோடு பிணைத்துப் பூட்டினாள். பூட்டுக்குக் குங்குமமும் வைத்தாள்.

சாப்பிட்டு முடித்தவர் தள்ளாடி வந்து வண்டியைக் கிளப்பினார். ஜீப் உறுமியது. புழுதி அரூர் வரைக்கும் போனது, ஜீப் மட்டும் போகவில்லை.

உடைக்கச் சொன்னார். மெக்கானிக் முருகேஷ் குங்குமத்தைப் பார்த்ததும், தன் ஸ்பேனர் எல்லாம் நேற்றே தொலைந்துவிட்டதாகச் சொல்லி வரப்பில் இறங்கி நடந்தான். சூளை ஆட்கள் ஆளுக்கொரு திசையில் சாமி கும்பிட்டார்கள். கடைசியில் அவரே ஒரு கல்லைத் தூக்கினார். முனியப்பனின் முட்டைக்கண் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியதும், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல் அதை மெல்லக் கீழே வைத்துவிட்டு, சாவியோடு நின்ற பானுமதியிடம் திரும்பினார்.

"ஏம்மா பானு, என்னா வேணும் உனக்கு?"

"எம் பொண்ண யாரு இடிச்சதுன்னு கோயில் மைக்குல சொல்லுங்க."

இவ்வளவுதானா என்று சிரித்தபடி மைக்கைப் பிடுங்கினார். "ஆமாய்யா, நாந்தான் குடிச்சிட்டு இடிச்சேன். என்னா இப்ப?" கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

பானுமதி சிரிக்கவில்லை. "குடிச்சிட்டுச் சொன்னா செல்லாதுங்க. குடிக்காத வந்து சொல்லுங்க."

பூசாரியும் ஆமாம் என்று தலையாட்டினார்.

அங்கேதான் மனிதர் மாட்டினார். டவுன் பஸ்ஸில் வீடு போய்ச் சேர்ந்தார். அடுத்த ஞாயிறு வந்தபோது பானுமதி ஊதச் சொன்னாள். ஊதினார். பக்கத்தில் எரிந்த சூடம் ஆளுயரத்துக்கு எழுந்தது. அதற்கடுத்த முறை, தைரியத்துக்கு ஒரே ஒரு மூடிதான் என்று கெஞ்சினார். அன்றும் திருப்பி அனுப்பினாள். ஜீப்புக்குள் கோழி அடைகாத்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிடத் தொடங்கினார்கள். பெண்கள் வந்து சங்கிலி எந்தக் கடையில் வாங்கியது என்று பானுமதியைக் கேட்டுப் போனார்கள். அந்த வாரமே பாப்பாரப்பட்டியில் சங்கிலி தட்டுப்பாடு. மதுக்கடைக்குப் பைக்கில் போனவர்கள் எல்லாம் நடந்து போனார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு மாதவராஜ் மறுபடி வந்தார். ஊதினார். வெறும் பல்பொடி வாசனைதான். பானுமதி, காவியாவை எதிரே நாற்காலியில் உட்காரவைத்து மைக்கை நீட்டினாள்.

இந்த முறை அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தெளிந்த கண்ணுக்கு அன்றுதான் அந்தக் கால் தெரிந்தது.

"நாந்தான் குடிச்சிட்டு வந்து இந்தப் புள்ளைய இடிச்சேன். அது குறுக்க வரல. ஓரமாத்தான் நின்னுச்சு. நான் நிக்காம போயிட்டேன்."

வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். பானுமதி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். காவியா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"பின்னாடி சொன்னது சரியாக் கேக்கலம்மா," என்றாள். "மொதல்லருந்து சொல்லச் சொல்லு."