சந்தனம் வைத்த தோட்டா

தேர்தல் தேதியை அறிவித்துவிட்டார்கள் என்று டி.வி.யில் சொன்னதும், கட்சிக்காரர்களுக்கு அடுத்தபடியாகச் சந்தோஷப்பட்டது அத்தாயியாகத்தான் இருக்கும். அவளுக்குக் கட்சியும் கிடையாது, கொடியும் கிடையாது. யார் ஜெயித்தாலும் அவள் வீட்டுக் குழாயில் வருவது அதே உப்புத் தண்ணீர்தான். ஆனால் தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிக்கும்வரை அது அங்கேதான் கிடக்கும். அந்த இரண்டு மாதம்தான் அவளுக்கு நிம்மதி. பாராளுமன்றம், சட்டமன்றம், ஊராட்சி என்று வருஷம் முழுக்கத் தேர்தல் நடந்துகொண்டே இருந்தால் நாடு என்ன ஆகுமோ தெரியாது, அத்தாயி நன்றாக இருப்பாள்.

துப்பாக்கி அவள் வீட்டுக்காரர் வெங்கடாசலத்துடையது. போர்வெல் லாரியை வைத்துக்கொண்டு ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றி நாலு காசு பார்த்த காலத்தில், ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன ஒருவரிடம் முறைப்படி வாங்கியது. லாரி போய்விட்டது, துப்பாக்கி வீட்டிலேயே தங்கிவிட்டது. சுற்றுவட்டாரத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் உண்டு. எல்லாம் சாதாரண இரட்டைக்குழல். இவருடையது மட்டும் சீமையில் செய்த வேட்டைத் துப்பாக்கி. சுடுகிற குழலுக்கு அடியில் இன்னொரு குழல், அதற்குள் தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். விசையைச் சுற்றி ஒரு இரும்பு வளையம். அதற்குள் விரல்களை விட்டு முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தால், உள்ளே இருப்பது வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா தானாக மேலே ஏறிக்கொள்ளும். கடக், கடக் என்று அந்த வளையத்தை ஆட்டிக் காட்டுவதில் வெங்கடாசலத்துக்கு ஒரு பெருமை. வீட்டுக்கு வருகிறவர்கள் காபி குடிக்கிறார்களோ இல்லையோ, அந்தச் சத்தத்தைக் கேட்காமல் போக முடியாது.

சுடுவதிலும் அவர் மோசமில்லை. கரட்டுக் குன்றை ஒட்டிய மூன்று ஏக்கரில் மரவள்ளி போடுவார். கிழங்கு பிடிக்கிற சமயம் பார்த்துக் காட்டுப்பன்றிகள் இறங்கும். பன்றியைச் சுட்டால் கேஸ் ஆகிவிடும் என்பதால், தூர்ந்துபோன கிணற்று மேட்டில் துருவிப்போட்ட தேங்காய்த் தொட்டியை வைத்து அதைப் பார்த்துச் சுடுவார். வளையத்தைத் தள்ளி இழுத்து அவர் அடுத்தடுத்துப் போடுகிற வேகத்தைப் பார்த்தால் அறுபதைத் தாண்டிய ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தொட்டி பறக்கும். பன்றியும் மயிலும் சத்தத்துக்கே ஓடிவிடும். மறுநாள் திரும்பி வந்துவிடும், அது வேறு விஷயம்.

இதிலெல்லாம் அத்தாயிக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆம்பளை என்றால் ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கத்தான் செய்யும். அவளைப் பயமுறுத்தியது வேறு. துப்பாக்கியைக் காலி செய்து, எண்ணெய் போட்டுத் துடைத்து முடித்ததும், வெங்கடாசலம் வளையத்தை ஒரு தடவை தள்ளி இழுப்பார். துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தோளில் பொருத்துவார். அடுப்படி வாசலில் நிற்கிற அவளைக் குறி பார்ப்பார்.

"இன்னியோட உன்ற கத முடிஞ்சுது புள்ள" என்று சொல்லி விசையை இழுப்பார். டிக்.

அந்த நேரம் யார் இருந்தாலும் சிரிப்பார்கள். மகன் கோகுல்ராஜ் சின்ன வயதில் கைதட்டிச் சிரித்தான், இப்போது கோயமுத்தூரிலிருந்து வந்தால் போனைப் பார்த்துக்கொண்டே சிரிக்கிறான். அத்தாயியும் சிரித்து வைப்பாள். சிரிக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என்று பேர் வரும். துப்பாக்கி வந்த முதல் வருஷமே அவள் சொல்லிப் பார்த்தாள்: "வேண்டாமுங்க, மேலெல்லாம் நடுங்குது." அதற்கு அவர், "குண்டே இல்லாத துப்பாக்கிக்கு என்ன புள்ள பயம்?" என்றார். அதோடு விட்டுவிட்டாள். மனுஷன் கெட்டவரும் இல்லை. ஒரு நாள் கை நீட்டியதில்லை. அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது சேலம் ஆஸ்பத்திரியில் ராத்திரி பகல் பார்க்காமல் கூடவே கிடந்தவர். அப்படிப்பட்டவரைப் பற்றி யாரிடம் போய் என்னவென்று சொல்வது? அந்தப் பாழாய்ப்போன துப்பாக்கி வீட்டைவிட்டு ஒழிந்தால் போதும் என்பதுதான் அவள் முப்பது வருஷமாக வேண்டிக்கொண்டது.

ஆயுத பூஜை அன்றைக்குத் துப்பாக்கிக்கு ராஜ மரியாதை நடக்கும். டிராக்டர், மோட்டார், அரிவாள், மண்வெட்டிக்கெல்லாம் அத்தாயி பொட்டு வைத்துக்கொண்டு போவாள். துப்பாக்கியை மட்டும் தொட விடமாட்டார். தாம்பாளத்தில் தோட்டாக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தானே சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, ஈரம் காயும் முன்பே குழலுக்குள் தள்ளிவிடுவார். சாமி கும்பிட்டுப் போட்ட தோட்டா குறி தப்பாது என்பது அவர் கணக்கு. மற்ற வருஷங்களில் பூஜை முடிந்த வாரமே பன்றி இறங்கும், தோட்டாவும் தீர்ந்துவிடும். போன வருஷம் மாவுப்பூச்சி விழுந்து மரவள்ளி மொத்தமும் போய்விட்டது. தின்ன ஒன்றும் இல்லாத காட்டுக்குப் பன்றி மட்டும் எதற்கு வரும்? சந்தனம் வைத்த தோட்டாக்கள் பங்குனி வரைக்கும் குழலுக்குள்ளேயே கிடந்தன.

ஒப்படைக்கப் போகிற அன்று காலையில் வெங்கடாசலம் கூடத்தில் உட்கார்ந்து துப்பாக்கியைக் காலி செய்தார். வளையத்தைத் தள்ளத் தள்ளத் தோட்டாக்கள் பாயில் விழுந்தன. அப்புறம் ஒன்றும் விழவில்லை. தீர்ந்தது என்று துடைத்தார். எத்தனை போட்டோம், எத்தனை வந்தது என்று பார்க்கவில்லை. அத்தாயி டிபன் பாக்ஸோடு அடுப்படியிலிருந்து வந்தாள். அவர் துப்பாக்கியைத் தூக்கினார். வழக்கமான வசனம், வழக்கமான டிக். அவளும் வழக்கம்போலச் சிரித்தாள். இன்னும் ஒரு மணி நேரம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

நாத்தனார் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க, ஜவுளிக்குப் பேர்போன இளம்பிள்ளைக்குப் போக வேண்டியிருந்ததால் அவளும் காரில் கிளம்பினாள். ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு அப்படியே போய்விடலாம் என்று ஏற்பாடு. துப்பாக்கி உறைக்குள் பின்சீட்டில் கிடந்தது. பாலம் கட்டுகிறோம் என்று ரோட்டைப் பறித்துப் போட்டிருந்ததால் கார் வழி நெடுகக் குதித்துக் குதித்துத்தான் போனது.

ஸ்டேஷனில் ஏட்டு சுப்பையன் இருந்தார். வெங்கடாசலத்துக்குப் பழகிய ஆள்.

"வாங்கண்ணா. ஓட்டு வந்தாத்தான் உங்களப் பாக்க முடியுது" என்றவர், கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "முன்ன மாதிரி அப்படியே வாங்கி வெக்க முடியாதுங்க. புது எஸ்.ஐ. மேடம் சட்டம் போட்டிருக்குது. பின்னால மணல் மூட்ட அடுக்கியிருக்குது. அதப் பாத்து விசைய ஒருக்கா இழுத்துக் காட்டிப்போட்டுத்தான் உள்ள கொண்டாரோணும்."

"நான் நேத்தா துப்பாக்கி புடிச்சேன்? காலிதானப்பா" என்று முனகிக்கொண்டே வெங்கடாசலம் பின்பக்கம் போனார். அத்தாயியும் கூடப் போனாள். அங்கே நின்றிருந்த இரண்டு போலீஸ்காரர்கள் சீமைத் துப்பாக்கி என்றதும் ஆர்வமாகப் பார்த்தார்கள். பார்க்க ஆள் இருந்தால் அவருக்குக் கேட்க வேண்டுமா? வளையத்தைக் கடக்கென்று ஒரே வீச்சில் தள்ளி இழுத்து, மூட்டைக்கு நேராகப் பிடித்து, விசையை இழுத்தார்.

சத்தத்தில் காகங்கள் அலறிக்கொண்டு எழுந்தன. மூட்டை கிழிந்து மணல் கொட்டியது. சுப்பையன் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெங்கடாசலம் துப்பாக்கியைப் பிடித்தபடி, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளேயிருந்து எஸ்.ஐ. ஓடிவந்தாள். சௌமியா என்று பேர், ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. துப்பாக்கியை வாங்கி, வளையத்தைத் தள்ளினாள். புகைநாற்றத்தோடு வெற்றுக்கூடு ஒன்று கீழே விழுந்தது. திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்துவிட்டு, அவர் பையில் கொண்டுவந்திருந்த மீதித் தோட்டாக்களை எடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் மஞ்சளாகக் காய்ந்த பொருக்கு. நகத்தால் சுரண்டினாள்.

"என்னங்க இது, சந்தனமா?"

"ஆயுத பூஜைக்கு வெச்சதுங்க மேடம்."

"ஈரத்தோட உள்ள தள்ளியிருக்கீங்க. காஞ்சு ஒண்ணு குழல்லயே ஒட்டிக்கிச்சு. நீங்க வீட்டுல தள்ளும்போது அது வரல. வண்டி ஆட்டத்துல விட்டுப்போய் இறங்கியிருக்கு. இங்க தள்ளினதும் மேல ஏறிடுச்சு."

வெங்கடாசலம் சட்டென்று அத்தாயி பக்கம் கையைக் காட்டினார். "சந்தனத்தக் கெட்டியாக் கொழச்சது இவதானுங்க."

சுப்பையன் எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "விடுங்க மேடம். மூட்டையத்தான சுட்டாரு. வெளிய கேட்டா கட்சிக்காரங்க வெடி போட்டாங்கன்னு சொல்லிக்கலாம். அண்ணன் ஓட்டு முடிஞ்சு வந்து வாங்கிக்கட்டும்."

எஸ்.ஐ. வெற்றுக்கூட்டைக் குனிந்து எடுத்தாள். "வீட்டுல காலி பண்ணினப்ப இழுத்துப் பாத்தீங்களா?" என்று வெங்கடாசலத்தைக் கேட்டாள்.

"பாத்தனுங்க. டிக்குனுதான் சொல்லுச்சு."

"எதப் பாத்து இழுத்தீங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "செவுத்தப் பாத்துத்தானுங்க."

அத்தாயி வெற்றுக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வீட்டிலேயே இறங்கியிருந்தால், டிபன் பாக்ஸோடு அவள் கூடத்தில் கிடந்திருப்பாள். கோகுல்ராஜுக்குப் போன் போயிருக்கும். இந்நேரம் வாசலில் பந்தல் போட்டிருப்பார்கள். அதை நினைத்தபோதுகூட அவளுக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. செவுரு என்று சொன்னாரே, அதில்தான் வந்தது.

"செவுரு இல்லீங்க சாமி" என்றாள். "நானு."

அவளே தொடர்ந்து சொன்னாள். அழவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "காலைல என்ற மூஞ்சிக்கு நேரா வெச்சு இழுத்தாருங்க. இன்னைக்கு மட்டுமில்ல, முப்பது வருசமாத் தொடைக்கறப்பெல்லாம் அப்படித்தான் இழுக்கறாருங்க. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பனுங்க."

"அட, புருசன் பொண்டாட்டி வெளையாட்டுங்க அது" என்றார் சுப்பையன்.

"நீங்க உள்ள போங்க" என்றாள் எஸ்.ஐ. அவர் போனதும் அத்தாயி பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு என்ன பண்ணணும்மா? கம்ப்ளெய்ண்ட் குடுக்கிறீங்களா?"

"அதெல்லாம் வேண்டாஞ் சாமி. அது ஊட்டுக்குத் திரும்பி வரக்கூடாது. அவ்வளவுதான்."

வெங்கடாசலத்தின் முகம் கறுத்துவிட்டது. துப்பாக்கிக்காரர் வீடு என்றுதான் அவர் வீட்டுக்கே அடையாளம். "ஏம் புள்ள, ஊட்ல பேசற பேச்ச இங்க வந்து பேசற? அவ்வளவு பயமா இருந்துச்சுன்னா சொல்லியிருக்கலாமில்ல?"

"மொத வருசமே சொன்னனுங்க. நீங்க சிரிச்சீங்க. அப்பறம் சொல்லல. நீங்க துப்பாக்கியத் தூக்கினா, டிக்குனு சத்தம் கேக்கற வரைக்கும் கண்ண இறுக்கி மூடிக்குவேன். அத்தன வருசம் என்ற மூஞ்சியத்தான் குறி பாத்தீங்க, அது கூடவா தெரியல?"

முப்பது வருஷத்தில் ஒரு தடவையாவது அவள் முகம் எப்படி இருந்தது என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பது அவர் கண்ணில் தெரிந்தது. பிறகு எஸ்.ஐ.யைப் பார்த்து, "இது இங்கயே இருக்கட்டுங்க மேடம்" என்றார். "நான் திருப்பி வாங்க வரமாட்டனுங்க."

"லைசென்ஸையும் சரண்டர் பண்ணணும். நடந்ததையும் நான் மேல எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க."

அத்தாயி காருக்குப் போய் உட்கார்ந்தாள். முந்தானையை முழங்காலில் போட்டு இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து வெங்கடாசலம் வந்தார். சாவியைப் போடப் போனவர் போடாமல் ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"குறியத்தான் பாத்தேன் புள்ள" என்றார். "உன்ற மூஞ்சியப் பாக்கவே இல்ல." சொல்லி முடிப்பதற்குள், ஸ்டேஷன் வாசலிலேயே, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதார்.

அவர் அழுது அவள் பார்த்தது அவர் அம்மா செத்த அன்றைக்கு மட்டும்தான். பாவமாகத்தான் இருந்தது. பரவாயில்லை விடுங்க என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை.